பழைய குளோபைத் துடைக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், எனாமல் தூக்குகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே எப்போதாவது ஒரு குளோப், அதாவது பூகோள உருண்டை, தலைகாட்டும். பங்கு பிரித்த ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்திருக்கும். கடல் நீலமெல்லாம் போய், உருண்டை முழுக்கத் தேன் நிறம். வாங்கி வந்தவுடன் எல்லோரும் எடுப்பது ஈரத்துணிதான். பழைய குளோப் பெரும்பாலும் கெடுவதும் அந்த நேரத்தில்தான்.

அந்தத் தேன் நிறம் அழுக்கு அல்ல, முதிர்ந்த வார்னிஷ். பழைய முறையில் குளோப் செய்தது இப்படி: உருண்டை அச்சின் மேல் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைப்பார்கள். நடுவில் அறுத்து இரண்டு கிண்ணமாகக் கழற்றி, உள்ளே மரத்தண்டு வைத்து மூடுவார்கள். மேலே வெள்ளைச் சாந்து பூசி உருட்டிச் சமன்செய்து, அதன்மேல் அச்சிட்ட கீற்றுகளை ஒட்டுவார்கள். வாழைப்பூ மடல் போல நடு அகன்று இரு முனையும் கூர்த்த காகிதங்கள் அவை. பெரும்பாலும் 12 கீற்று. 1507இல் ஜெர்மன் வரைபடக்காரர் வால்ட்சீமுல்லர் அச்சிட்டதும் 12தான். 12 அங்குல உருண்டையின் சுற்றளவு சுமார் 96 செ.மீ., ஆகவே நிலநடுக்கோட்டில் ஒரு கீற்றின் அகலம் 8 செ.மீ. அதற்குமேல் கையால் பூசிய நீர்வண்ணம், கடைசியாக வார்னிஷ்.

இப்போது ஈரத்துணியை நினைத்துப் பாருங்கள். வார்னிஷ் வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கினால் வண்ணம் கரையும், மாவுப்பசை இளகும், சாந்து உப்பும். கீற்றின் விளிம்பு நகக்கண் அளவு தூக்கிக்கொண்டால், அடுத்த முறை துணி அதில் மாட்டி இலங்கையையே உரித்துக்கொண்டு வரும். ஸ்பிரிட், தின்னர் பக்கமே போகக்கூடாது. மேல்பூச்சு அரக்காக இருந்தால் ஸ்பிரிட் பட்ட இடம் கரைந்துவிடும். பிரெஞ்சு பாலிஷ் போடும் ஆசாரியைக் கேட்டால் சொல்வார்.

உலர்ந்த மெல்லிய தூரிகை போதும். வட துருவத்திலிருந்து கீழே இறக்குங்கள். கீற்று தூக்கிய இடத்தைத் தொடாதீர்கள். அதற்கும் போகாத கறை என்றால் அண்டார்டிகாவில், யார் கண்ணிலும் படாத ஒரு புள்ளியில், பிழிந்த பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். மேலே புது வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்குவது இன்னொரு கொடுமை. பிறகு பழையதைக் கெடுக்காமல் புதியதை மட்டும் எடுப்பது மிகக் கடினம்.

தூக்கிய கீற்றை ஒட்ட மரவேலை வெள்ளைப் பசை வேண்டாம். இறுகிவிட்டால் திரும்பப் பிரியாது. நீர்த்த மாவுப்பசை போதும். பூச்சிக்குப் பயந்து புத்தக பைண்டர்கள் கலக்கும் மயில்துத்தம் மட்டும் அதில் கூடாது, செம்பு உப்பு காகிதத்தை நாளடைவில் நொறுங்க வைக்கும். இராமபாணப் பூச்சிக்கு மாவுப்பசை பிடிக்கும் என்பது உண்மைதான். அதற்கு மருந்து காற்றோட்டமான உள்ளறை. வளவுக்குள் (வீட்டின் நடுமுற்றத்தில்) வெயில் விழும் இடத்தில் வைத்தால் வண்ணம் வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் சுவரோரமும் ஆகாது.

அடுத்த தவறு, ஒரே பெயரைப் பார்த்து வயது சொல்வது. ‘செயின்ட் பீட்டர்ஸ்பர்க்’ இருக்கிறது, 1914க்கு முந்தையது என்பார்கள். அந்த ஊர் 1914இல் பெட்ரோகிராட், 1924இல் லெனின்கிராட் ஆகி, 1991இல் பழைய பெயருக்கே திரும்பிவிட்டது! ‘சயாம்’ 1939இல் தாய்லாந்தாகி, போருக்குப் பின் மீண்டும் சயாமாகி, 1949இல் மறுபடி தாய்லாந்தானது. நாலைந்து இடங்களைச் சேர்த்துப் பாருங்கள். லெனின்கிராட் இருக்கிறது, பாரசீகத்துக்குப் பதில் ஈரான் (1935) இருக்கிறது, பர்மாவுக்கும் இந்தியாவுக்கும் நடுவே நாட்டு எல்லை (1937) இல்லை என்றால், வரைபடம் 1935–37. செட்டிநாட்டு வீட்டில் பர்மாவைத்தான் முதலில் பார்க்கத் தோன்றும், ஆனால் நிறத்தை நம்பாதீர்கள். பிரிந்த பிறகும் இரண்டும் பிரிட்டிஷ் ஆட்சியில்தான், ஒரே ரோஜா நிறமாக இருக்கலாம். எல்லைக் கோட்டைப் பாருங்கள். அப்படியும் கிடைப்பது வரைபடத்தின் வயது; பழைய தகட்டில் பின்னால் அச்சிட்டு ஒட்டியிருக்கலாம்.

புதிதாகச் செய்து ‘பழசு’ என்று விற்பதைப் பத்து மடங்கு லென்ஸ் காட்டிக்கொடுக்கும். செப்புத்தகட்டு அச்சில் கோடு முழுக்கோடாக இருக்கும். இன்றைய அச்சில் பழுப்பு நிறமே வரிசையான புள்ளிகளாகச் சிதறும். கடலில் பூதமீனும் அடியில் திசைகாட்டியும் இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

ஆட்டினால் உள்ளே கடகடக்கிறதா? பழைய குளோப்கள் சிலவற்றில் சமநிலைக்காக ஈயக்குண்டுப் பை வைத்திருப்பார்கள், அது கிழிந்திருக்கலாம். பிரிக்காதீர்கள், சுழற்றவும் வேண்டாம். தூக்கும்போது பித்தளை வளையத்தைப் பிடிக்காமல் தாங்கியின் அடியில் கை கொடுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அனுப்ப நினைப்பவர்கள் வயதை முதலிலேயே சரியாகப் பார்த்துவிடுவது நல்லது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த இத்தகைய பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பெட்ரோகிராட் குளோப் அந்த வயதைத் தொட்டுவிட்டது. மேலே சொன்ன 1935–37 உருண்டைக்கு இன்னும் சில ஆண்டு பாக்கி.