பழைய சுவெட்டர் நூலில் சடைக் குஞ்சம்

எங்கள் மலைநாட்டில் கோடை என்றால் ஏப்ரல் லீவுதான். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் நாங்கள் வெயில் என்று சொல்வதைக் கொழும்புக்காரர் கேட்டால் சிரிப்பார். இருந்தாலும் காலையில் இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் விறாந்தையில், நல்ல வெயில் விழும். பின்னேரம் பெரும்பாலும் இடியும் மழையும்தான். இந்தக் கைவேலைக்கு அந்தக் காலை வெயில் அவசியம், நனைத்த நூல் காய வேண்டுமே. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் இருப்பவர்கள் ஆகஸ்ட் லீவுக்குத் தள்ளிப்போடாதீர்கள், அப்போது தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்கு ஆகஸ்டிலும் வெயில் உண்டு. கொடுத்துவைத்தவர்கள்!

செய்யப்போவது குஞ்சம். சடை நுனியில் மூன்றாய்த் தொங்குமே, அதுதான். இப்போது அதைப் பரதநாட்டிய மேடையில்தான் அதிகம் பார்க்கிறோம். என் அம்மாயி திருவிழாக் கடையில் வளையலோடு கறுப்புக் குஞ்சமும் வாங்கிக் கொடுப்பார். தோளைத் தொடும் முடிதான் எனக்கு. குஞ்சத்தைச் சேர்த்துப் பின்னினால் இடுப்புவரை சடை! அந்த ஒரு நாள் நடையே வேறு.

நூல் எடுப்பது

நூல் வாங்க வேண்டாம். குளிர் ஊரில் சின்னதாகிப்போன சுவெட்டர் இல்லாத வீடு ஏது? முதலில் அதை உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள். ஓவர்லொக், அதாவது வெட்டிய ஓரத்தை நூலால் நெருக்கமாகச் சுற்றிய மெசின் தையல், அடித்திருந்தால் ஒதுக்கி வையுங்கள். வெட்டித் தைத்த துணி என்பதால் பிரிக்கும்போது ஒவ்வொரு வரியும் துண்டு துண்டாகத்தான் வரும். கையால் பின்னியது என்றால் அருமை. இணைத்த தையலை மட்டும் வெட்டி, முன், பின், கை என்று தனித்தனியாகக் கழற்றுங்கள். அநேகமாகத் தோள் பக்கம்தான் பின்னி முடித்திருப்பார்கள். அங்கே நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தால் சரசரவென்று வரும். பிள்ளைகளுக்கு இந்த வேலைதான் உயிர். ஒருவர் இழுக்க, மற்றவர் கதிரை முதுகில் சுற்றட்டும்.

சுற்றியதை நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். முறுக்கிப் பிழியாமல் அழுத்தித் தண்ணீரை எடுத்துவிட்டுக் கொடியில் தொங்கவிடுங்கள். அடியில் தண்ணீர் நிரப்பிய சின்னப் போத்தல் ஒன்றைக் கட்டினால் சுருள் ஓரளவு நிமிரும். நான் முதல் தடவை கொதிதண்ணீர் ஊற்றி அலசினேன். அது அசல் கம்பளி. இழையெல்லாம் ஒட்டிக் கட்டியாகி, நூலும் போச்சு, சுவெட்டரும் போச்சு.

கயிறு முறுக்குவது

ஒரு சடைக்கு மூன்று கயிறு வேண்டும். பின்னலில் குஞ்சம் சேரும் இடத்தில் இருந்து, அது தொங்க வேண்டிய இடம்வரை பிள்ளையின் முதுகில் அளந்து, நாலு விரல் கூட்டுங்கள். அதன் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாக நூல் வெட்ட வேண்டும். 25 சென்ரிமீற்றர் கயிறு என்றால் 60 சென்ரிமீற்றர் நூல், மூன்று இழை.

இனி இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு முனையைப் பிடியுங்கள். இரண்டு பேரும் அவரவர் வலப்பக்கமாகவே முறுக்க வேண்டும். ஒருவர் வலமும் மற்றவர் இடமுமாக முறுக்கினால் ஒருவர் போட்டதை மற்றவர் அவிழ்ப்பார். என் பிள்ளைகள் ஐந்து நிமிடம் அப்படி முறுக்கிவிட்டு, நூல் சரியில்லை என்று முறைப்பாடு செய்தார்கள். சற்றுத் தளர்த்தினால் நூல் தானாகச் சுருண்டு கொள்ளும் வரைக்கும் முறுக்குங்கள். அப்புறம் நடுவில் ஒரு விரலை வைத்து, நூலைத் தொய்யவிடாமல் இரண்டு முனைகளையும் ஒன்றாகக் கொண்டுவாருங்கள். விரலை எடுத்ததும் இரண்டு பாதியும் ஒன்றை ஒன்று சுற்றிக் கயிறாகிவிடும். திறந்த முனையில் உடனே முடிச்சுப் போடுங்கள். மறுமுனையில் சின்ன வளையம் ஒன்று இருக்கும், அது வேண்டும்.

குஞ்சம் கட்டுவது

பிஸ்கட் பெட்டி அட்டையில் 8 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதன்மேல் நூலை 40 சுற்றுச் சுற்றுங்கள். இறுக்கினால் அட்டை வளையும். மேல் விளிம்பில் சுற்றுகளுக்கு அடியில் தனி நூல் ஒன்றை நுழைத்து இறுக்கிக் கட்டுங்கள். அதன் இரு நுனிகளையும் கயிற்று வளையத்துக்குள் விட்டு இரண்டு முடிச்சுப் போடுங்கள். இனி கீழ் விளிம்பில் கத்தரியால் வெட்டி அட்டையை எடுத்துவிடலாம். தலையில் இருந்து ஒன்றரை சென்ரிமீற்றர் கீழே ஆறேழு சுற்றுச் சுற்றிக் கட்டினால் கழுத்து வந்துவிடும். மிஞ்சிய நுனிகளை ஊசியால் உள்ளே தள்ளி, அடியைச் சமமாகக் கத்தரியுங்கள். சமமாக வரவில்லை என்று வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் மீசைதான் மிஞ்சும்.

மூன்றும் தயாரானதும் கயிறுகளின் முடிச்சு முனைகளைச் சேர்த்து ஒரே முடிச்சாகப் போடுங்கள்.

சடையில் சேர்ப்பது

மூன்று நாலு பின்னல் பின்னியதும், அந்த முடிச்சைச் சடையின் உள்பக்கம் மறைத்து, மூன்று கால்களோடும் ஒவ்வொரு கயிற்றைச் சேர்த்துப் பின்னுங்கள். முடி தீர்ந்த பிறகும் கயிறு இருக்கும். தொடர்ந்து பின்னி, குஞ்சத்துக்குச் சற்று மேலே இலாஸ்டிக் போட்டுவிடுங்கள். சறுக்கி இறங்கும் மெல்லிய முடி என்றால் முடிச்சில் ஒரு ஊசிக் கிளிப் குத்தினால் போதும். தூங்கும் முன் கழற்றிவிடுங்கள், நீளக் கயிறு கழுத்தில் சுற்றக்கூடாது.

ஒதுக்கி வைத்த ஓவர்லொக் சுவெட்டர் இருக்கிறதே, அதன் கை நுனிப் பட்டியை 5 சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டி, வெட்டிய ஓரத்தை உள்ளே மடித்துத் தளர்வாகத் தையுங்கள். சடைமேல் மாட்ட மெத்தென்ற பட்டி கிடைக்கும். இரண்டு கை, இரட்டைச் சடை, கணக்கும் சரி.