இரண்டு ஜெனரேட்டரைச் சேர்த்து ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மரம் விழுந்து லைன் அறுந்தால், ஈபி கரண்ட் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிடிசியில் (இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் மெஷின்) அரைபட்ட இலை ஃபெர்மென்டிங்கில் கிடக்கும்போது ட்ரையர் நின்றால் அந்த லாட் பாழ். அதனால்தான் டீ ஃபேக்டரிகளில் இரண்டு டீசல் ஜெனரேட்டர் செட்டை ஒரே பஸ்பாரில் (கரண்டைப் பகிரும் பொதுப் பட்டை, சுருக்கமாக பஸ்) சேர்த்து ஓட்டுகிறார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வரும் எலக்ட்ரீஷியன்கள் வழுக்குவது திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான். டீசல் வால்வு மூடிக் கிடந்தது, எமர்ஜென்சி ஸ்டாப் அமுங்கியிருந்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை அஞ்சு நிமிஷத்தில் தானே தெரிந்துவிடும்.

## முள் 12-க்கு வந்தால் போதும் என்று நம்புவது

எத்தனை பேருக்குச் சொன்னாலும் தீராத எரிச்சல் இது ஒன்றுதான்.

ஆல்டர்னேட்டர் (செட்டில் கரண்ட் உண்டாக்கும் பகுதி) ரீவைண்டிங்குக்குக் கோயம்புத்தூர் போய்விட்டு வருகிறது. அல்லது எலி கடித்த கேபிளை மாற்றி, லக் அடித்து மறுபடி முடுக்குகிறார்கள். செட் ஸ்டார்ட் ஆகிறது. 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் ஒத்துவருகிறதா என்று காட்டும் சிங்க்ரோஸ்கோப் மீட்டரின் முள் மெதுவாகச் சுற்றி 12-க்கு வந்ததும் பிரேக்கரைப் போடுகிறார்கள். கட்டிடமே அதிரும்படி ஒரு அடி. கப்ளிங் கிழியும், வைண்டிங்கின் முனைகள் விலகி இன்சுலேஷன் உரியும், மோசமான அடி என்றால் கிராங்க் ஷாஃப்ட்டுக்கே சேதம். இறக்கி வைத்த ஆல்டர்னேட்டர் மறுபடி லாரி ஏறும். கேட்டால் பதில் ஒன்றுதான்: “முள் கரெக்டா நின்னுச்சுண்ணே.”

முள் நிற்கத்தான் செய்யும். அதற்கு இரண்டு பக்கமும் ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸில் ஆரிலிருந்து மட்டும் ஒயர் போயிருந்தால் மற்ற இரண்டு ஃபேஸைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கேபிளில் ஒய்யும் பியும் இடம் மாறியிருந்தால், ஆருக்கும் ஆருக்கும் நடுவே பூஜ்யம் வரும் அதே நொடியில் பிரேக்கரின் ஒய் போலின் இரு முனைகளுக்கிடையே 415 வோல்ட் நிற்கும். அந்த நிலையில் பிரேக்கரைப் போடுவது நேரடி ஷார்ட் சர்க்யூட்.

செட்டைத் தானாகச் சேர்க்கும் கன்ட்ரோலர் மூன்று ஃபேஸையும் பார்க்குமே என்பார்கள். அதன் சென்ஸிங் ஒயர் எங்கிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆல்டர்னேட்டர் டெர்மினல் பாக்ஸிலிருந்து எடுத்திருந்து, அதற்குப் பிறகு வரும் பவர் கேபிளில் ஃபேஸ் மாறியிருந்தால், கன்ட்ரோலர் பார்ப்பது சரி, பிரேக்கர் பார்ப்பது தப்பு. அதனால் சோதனையை பிரேக்கரின் முனைகளிலேயே செய்ய வேண்டும், வேறெங்கும் அல்ல.

முதல் செட் பஸ்ஸில் ஓடட்டும். இரண்டாவது செட்டும் ஓடட்டும், ஆனால் அதன் பிரேக்கர் எந்த வழியிலும் ஆன் ஆகாதபடி ஆட்டோ குளோஸ் சர்க்யூட்டைக் கழற்றிவிடுங்கள். ஃபேஸ் சீக்வென்ஸ் மீட்டரை முதலில் பஸ் பக்கம், பிறகு அதே கிளிப்களை அதே போல்களில் செட் பக்கம் மாட்டுங்கள். இரண்டும் ஒரே திசை காட்ட வேண்டும். இதோடு நிறுத்தக் கூடாது. மூன்று ஃபேஸும் ஒரு படி நகர்ந்து, ஆர் இருக்க வேண்டிய இடத்தில் ஒய் வந்திருந்தாலும் திசை சரியாகவே காட்டும். ஆகவே இரண்டு செட்டின் நியூட்ரலும் இணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, வேகத்தில் 0.1 ஹெர்ட்ஸ் வித்தியாசம் வையுங்கள். 1000 வோல்ட் ரேஞ்சில் மீட்டரைப் போட்டு ஆர்-ஆர், ஒய்-ஒய், பி-பி என்று பிரேக்கரின் குறுக்கே அளங்கள். ஒவ்வொன்றும் 10 விநாடிக்கு ஒரு முறை பூஜ்யத்திலிருந்து 480 வோல்ட் வரை ஏறி இறங்கும். மூன்றும் ஒரே நேரத்தில், அதுவும் சிங்க்ரோஸ்கோப் முள் 12-க்கு வரும் அதே நொடியில், பூஜ்யமாகிறதா என்பதுதான் கேள்வி. மூன்று மீட்டர் இல்லையென்றால் போலுக்கு இரண்டு 240 வோல்ட் பல்பை சீரீஸில் போடுங்கள். மூன்று ஜோடியும் சேர்ந்தே எரிந்து, முள் 12-க்கு வரும்போது சேர்ந்தே அணைந்தால் சரி. மாறி மாறி எரிந்தாலோ, முள் வேறிடத்தில் இருக்கும்போது அணைந்தாலோ, கேபிளைச் சரிசெய்யும் வரை பிரேக்கர் பக்கம் யாரும் போகக் கூடாது.

சிடிசி மோட்டாரை அந்தச் செட்டில் ஓட்டித் திசை பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. ரோலர் எதிர்ப்பக்கம் சுற்றினால் அது தனிச் செலவு.

## எல்இடி பல்பு

மேலே சொன்ன பல்பு சோதனைக்கு வேண்டாம். குண்டு பல்புதான்.

## ஆட்டம் கண்டதும் கெயின் திருகைத் திருப்புவது

கிலோவாட் மீட்டர் ஆடினால் உடனே ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறார்கள். கெயின், ஸ்டெபிலிட்டி, ட்ரூப் என்று எல்லாவற்றையும் திருகிவிட்டு, பழைய செட்டிங் எதுவென்று தெரியாமல் நிற்கிறார்கள். முதலில் ஒவ்வொரு திருகின் நிலையையும் மார்க்கரால் குறியுங்கள். பிறகு அந்தச் செட்டைத் தனியாக ஓட்டுங்கள். தனியாகவும் ஆடினால் டீசல் ஃபில்டர், ஆக்சுவேட்டர் லிங்க், மேக்னெட்டிக் பிக்கப் (ஃப்ளைவீல் பல்லைப் பார்த்து வேகம் சொல்லும் சென்சார்) என்று பாருங்கள். சேர்ந்தால் மட்டும் ஆடினால் லோடு ஷேரிங் லைனை (சுமையைப் பங்கிட இரண்டு செட்டையும் இணைக்கும் சிக்னல் ஒயர்) பாருங்கள்.

கிலோவாட் பங்கீடு சரியில்லையென்றால் எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பக்கம் போங்கள். கிலோவாட் சமமாக இருந்தும் ஆம்பியர் மட்டும் இரண்டிலும் ஏறினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஏவிஆர் பக்கம். பெரும்பாலும் ஏவிஆருக்குக் கரண்டை அளந்து சொல்லும் ட்ரூப் சிடி தலைகீழாக மாட்டியிருக்கும். மோட்டார் சுமையில் தனியாக ஓட்டும்போது வோல்ட் இரண்டு மூன்று சதவீதம் இறங்க வேண்டும். ஏறினால் சிடியின் இரண்டு ஒயரையும் மாற்றுங்கள், செட்டை நிறுத்திவிட்டு. ஓடும்போது சிடி ஒயரைத் திறந்தால் ஆளைக் கொல்லும் வோல்ட் வரும்.

## பிக்கப்பைத் துடைக்காமல் மாற்றுவது

இரட்டை எஞ்சின் விமானத்தில் ப்ரொப்பெல்லர்களை ஒத்துச் சுற்ற வைக்கும் மின்னணுப் பெட்டியும் இதே மாதிரி பிக்கப் துடிப்புகளைத்தான் ஒப்பிடுகிறது. அங்கே வேகம் ஒத்துவராவிட்டால் கேபினில் ஏறி இறங்கும் இரைச்சல் வரும். இங்கே துடிப்பு சரியாக வராவிட்டால் முள் நிற்காமல் தடுமாறும். பிக்கப்பைக் கழற்றி நுனியில் ஒட்டிய இரும்புத் துகளைத் துடையுங்கள். ஃப்ளைவீல் பல்லின் உச்சி துளைக்கு நேராக வரும்படி திருப்பி, தொடும் வரை கையால் திருகி, அரை முதல் முக்கால் சுற்று பின்னுக்கு எடுங்கள். 1.5 மில்லிமீட்டர் பிட்ச் உள்ள எம்16 மரையில் அரைச் சுற்று என்பது 0.75 மில்லிமீட்டர். இரண்டு பல்லுக்கு நடுவில் திருகினால் முதல் கிராங்கிலேயே நுனி வெட்டுப்படும். ஷீல்டு ஒயரை கன்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். இரண்டு பக்கமும் செய்தால் இரைச்சல் உள்ளே வரும்.

## இரண்டையும் ஐசோக்ரோனஸில் வைப்பது

ஐசோக்ரோனஸ் என்றால் சுமை மாறினாலும் வேகத்தை மாறாமல் வைக்கும் கவர்னர் நிலை. லோடு ஷேரிங் லைன் இல்லாமல் இரண்டையும் அப்படி வைக்காதீர்கள். ஒன்று மொத்தச் சுமையையும் இழுக்கும், மற்றது மோட்டாராகிவிடும்.

## மூடுபனியை மறப்பது

வாரக்கணக்கில் நின்ற செட்டில் ஈரம் ஏறியிருக்கும். நிற்கும்போதுதான் ஸ்பேஸ் ஹீட்டர் ஓட வேண்டும்; பலர் மிச்சம் பிடிக்க அதை ஆஃப் செய்கிறார்கள். ஓட்டுமுன் 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வைண்டிங் ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் காயவைத்த பிறகே ஓட்டுங்கள். மெகர் போடுமுன் ஏவிஆர் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் போய்விடும்.