கடைக்குள் ஏஐ வரும்போது சறுக்கும் இடங்கள்

விடுமுறைக்கு ஊருக்கு வரும் ஐடி பிள்ளைகள், மாமா கடைக்கு ஏதாவது செய்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் முன்பெல்லாம் ஃபேஸ்புக் பக்கம் ஒன்று தொடங்கிக் கொடுப்பார்கள். இப்போது ஏஐ. வணிகர் சங்கக் கூட்டங்களிலும் இதே பேச்சுதான். உதவ வருபவர்களின் மனதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பலரும் முதலில் கைவைப்பது, வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்குத் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட்டில். கடையில் தவறுக்கு அதிக விலை கொடுக்க வேண்டிய இடமே அதுதான்.

ஏர் கனடா பட்ட பாட்டைப் பாருங்கள். 2022 நவம்பரில் பாட்டி இறந்த துக்கத்துக்குக் கிளம்பிய ஒரு பயணியிடம், டிக்கெட் எடுத்த 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் துக்கப் பயணச் சலுகை கிடைக்கும் என்று அந்த விமான நிறுவனத்தின் சாட்பாட் சொல்லிவிட்டது. நிறுவனத்தின் விதியில் அப்படி இல்லை. பயணம் முடிந்த பிறகு சலுகை கேட்க முடியாது. விவகாரம் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயத்துக்குப் போனது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிற தொனியில் நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்து, சுமார் 650 கனடிய டாலர் இழப்பீட்டையும் அதற்கு மேல் வட்டியையும் கட்டணத்தையும் கொடுக்கச் சொன்னது. அதற்குச் சில வாரம் முன்பு, 2023 டிசம்பரில், கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில் ஒரு செவர்லே டீலரின் சாட்பாட்டை ஒருவர் பேச்சில் மடக்கி, ஒரு டாலருக்குக் கார் தருகிறேன் என்று சொல்ல வைத்தார். கார் கைமாறவில்லை, மானம் போனதுதான் மிச்சம்.

விமான நிறுவனத்துக்கு 650 டாலர் தூசு. நம் ஊரில் யாரும் தீர்ப்பாயத்துக்குப் போகமாட்டார்கள், நேரே கல்லாவின் முன் வந்து நிற்பார்கள். "உங்க நம்பர்ல இருந்துதானே வந்துச்சு?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? கருவி எழுதிய ஒவ்வொரு வரியும் கடைக்காரர் கொடுத்த வாக்கு என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் மற்ற தவறுகளில் பாதி தானாகவே குறையும்.

ஒரு காரக் கடைக்கு வரும் ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள்: "அண்ணே, போன தடவை மாதிரியே ரெண்டு கிலோ மிச்சர், காரம் மட்டும் கம்மியா. பஸ்ல போட்டு விட்ருங்க." போன தடவை என்ன வாங்கினார், எந்த பஸ், எந்த கண்டக்டர், எல்லாம் கடைக்காரரின் தலைக்குள் இருக்கிறது. கருவிக்கு இதில் ஒன்றும் தெரியாது. தெரியாது என்றும் சொல்லாமல் "உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது" என்று எழுதிவிடும். மற்றபடி திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் என்ன? கடை எத்தனை மணி வரை, கூரியர் உண்டா, ஜிபே நம்பர் என்ன. இவற்றுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலேயே பொருள் பட்டியல், ஆயத்தப் பதில், கடை மூடிய நேரத்துக்கான பதில் எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன. கடைக்காரர் தன் சொந்த வார்த்தையில் ஒருமுறை எழுதி வைத்தால் போதும், ஏஐயே வேண்டாம்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? வெளியே போகும் முன் ஒரு மனிதர் படித்துப் பார்க்கும் வேலைகளில். கோயம்புத்தூர் லேத் பட்டறைக்காரர் ஒருவர் பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து கொடுத்துவிட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்க முடியாது; மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு வைத்திருந்தும் இதைக் கேட்டு எழுதாதவர்கள் ஏராளம். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம், எழுதினால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற பயம். பணிவாகவும் பிடிவாதமாகவும் ஒரு நினைவூட்டல் கடிதம் வேண்டும் என்றால் ஏஐ அழகாக எழுதிக் கொடுக்கும். முதலாளி படித்து, ஆடிட்டரிடம் காட்டி, பிறகு அனுப்பலாம். என்னைக் கேட்டால் சின்னத் தொழிலுக்கு ஏஐ செய்யக்கூடிய ஆகப்பெரிய உதவி இந்த மாதிரி வேலைதான். பார்க்கப் பகட்டாக இருக்காது என்பதால் யாரும் இதைச் செய்துகாட்டுவதில்லை.

ஆடிட்டரிடம் காட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. பாக்கெட் மிச்சர், முறுக்கு 12 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தன. ஆயத்த ஆடையில் 1,000 ரூபாய் வரை இருந்த 5 சதவீத வரம்பு 2,500 ஆனது. அதற்கு மேல் 12 போய் 18. ஏஐ படித்து வளர்ந்த பாடத்தில் பெரும்பகுதி அதற்கு முன்பு எழுதப்பட்டது. இணையத்தில் தேடிப் பார்க்காமல் பதில் சொல்லும்போது பழைய விகிதத்தைக் கொஞ்சமும் தயங்காமல் சொல்லிவிடலாம். தப்பான பில்லுக்கு நோட்டீஸ் வருவது கடையின் ஜிஎஸ்டி எண்ணுக்குத்தான். கைக்கணக்கு நோட்டைப் படமெடுத்துக் கூட்டச் சொல்வதும் இதே ரகம்: அவசரமாக எழுதிய 7 அதன் கண்ணுக்கு 1 ஆகலாம். எண்களை எக்செலிலோ டேலியிலோ ஏற்றி அங்கே கூட்டுங்கள்.

விளம்பரத்துக்கு வருவோம். கேழ்வரகுக் கஞ்சி மாவுக்கு நாலு வரி எழுதச் சொன்னால், "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்று ஒரு வரியைச் செருகிவிடும். படிக்க நன்றாகத்தான் இருக்கும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நோயைக் குணமாக்கும் என்ற பேச்சுக்கு 1954-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, சர்க்கரை நோய் அதன் பட்டியலில் இருக்கிறது. ஜவுளியில் இன்னொரு வம்பு. ஆர்ட் சில்க் எனும் செயற்கைப் பட்டுச் சேலைக்கு விவரம் எழுதச் சொன்னால் "அசல் காஞ்சிபுரம் பட்டு" என்று எழுதி வைக்கும். காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பெயர், பொய்யாகப் பயன்படுத்தினால் சிறை வரை போகும் குற்றம். படமும் அப்படியே. ஏஐ வரைந்த மணப்பெண் உடுத்தியிருக்கும் கோர்வை பார்டரை எந்தத் தறியும் நெய்திருக்காது. பார்சலைப் பிரித்த வாடிக்கையாளர் அந்தப் பார்டரைத்தான் தேடுவார். பின்னணியை மாற்றுங்கள், வெளிச்சத்தைக் கூட்டுங்கள். சேலை கடையில் எடுத்த படமாகவே இருக்கட்டும்.

வாடிக்கையாளர் விவரம் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அடகுக் கடை ரசீதையும் ஆதார் நகலையும் கடன் நோட்டையும் அப்படியே சாட்ஜிபிடியில் ஏற்றி "பட்டியல் போட்டுக் கொடு" என்பவர்கள் இருக்கிறார்கள். சாம்சங் ஊழியர்களே கம்பெனியின் நிரலை அதில் ஒட்டி, 2023 மே மாதம் நிறுவனம் அதற்குத் தடை போட வேண்டி வந்தது. இந்தியாவிலும் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2025 நவம்பரில் அதன் விதிகளும் வெளியாகிவிட்டன. சட்டம் கிடக்கட்டும். யார் எவ்வளவு பாக்கி என்பது வெளியே தெரிந்தால் ஒரு சின்ன ஊரில் அந்தக் கடைக்கு இன்னொருவர் வந்து கடன் சொல்வாரா? பெயர், எண், முகவரியை அடித்துவிட்டு "வாடிக்கை 1, வாடிக்கை 2" என்று மாற்றிக் கொடுங்கள். உங்கள் உரையாடலை ஏஐயின் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் அமைப்பையும் அணைத்து வையுங்கள்.

இலவசம் என்பதற்காகவே ஒரு ஏஐ கருவியை எடுப்பது இன்னொரு சறுக்கல். 2025-இல் ஏர்டெல்காரர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி, ஜியோக்காரர்களுக்கு ஜெமினி, எல்லோருக்கும் சாட்ஜிபிடி கோ என்று ஏஐ சேவைகளின் கட்டணத் திட்டங்கள் வரிசையாக இலவசமாக வந்தன. இப்படி ஏதாவது கிடைத்தால் வாங்கிப் பழகலாம், தப்பில்லை. சலுகை என்றைக்கு முடிகிறது, ஆட்டோபே போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழையும் கவனியுங்கள். "வாங்கக்கா, புது டிசைன் வந்திருக்கு" என்று பேசும் கடையிலிருந்து "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே" என்று செய்தி போனால், போன் ஹேக் ஆகிவிட்டதோ என்று அக்கா சந்தேகப்படுவார்.

கடைசியாக, உதவி செய்தவரே விட்டுச்செல்லும் சிக்கல். கணக்கு மருமகனின் மின்னஞ்சலில், ஓடிபி அவன் போனுக்கு, அவனோ பெங்களூரில். கடைக்கென்று ஒரு மின்னஞ்சல், கடையிலேயே இருக்கும் சிம், இவற்றில்தான் எல்லாம் தொடங்க வேண்டும். முதலாளியோடு நிறுத்தாமல், பில் போடும் பெண்ணுக்கும் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். தினமும் அதைத் தொடப்போவது அவர்தான். எதை அனுப்பும் முன் யார் படிக்க வேண்டும் என்பதையும் அவரிடமே எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுங்கள்.