தொண்டைப் புற்றுநோய்க் கதிர்வீச்சு: சிடி, எம்ஆர்ஐ, பெட் மூன்றையும் பொருத்துவது எப்படி

தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு திட்டமிட ஒரு ஸ்கேன் போதாது. டோஸ் கணக்குக்கு வேண்டிய எலக்ட்ரான் அடர்த்தி சிடியிலிருந்துதான் கிடைக்கும். கட்டி அடிநாக்கில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நரம்பு வழியே மண்டையோட்டின் அடிக்கு ஏறியிருக்கிறதா என்பது எம்ஆர்ஐயில் தெரியும். சிடியில் சாதாரணமாகத் தோன்றும் நிணநீர்க் கணுவில் நோய் இருப்பதை எஃப்டிஜி என்ற கதிரியக்கச் சர்க்கரையை ஊசியாகப் போட்டு எடுக்கும் பெட் காட்டிக்கொடுக்கும். மூன்றையும் மென்பொருளில் அடுக்குவது சில நிமிட வேலைதான். ஆனால் அவை பொருந்துமா என்பது நோயாளியை மேசையில் படுக்க வைக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

நோயறிதலுக்கு எடுத்த பழைய எம்ஆர்ஐயை டிஸ்க்கில் வாங்கி அப்படியே ஏற்றுவது பலரும் செய்வது. அந்த எம்ஆர்ஐ மேசை குழிவானது, தலையை அசையாமல் பிடிக்கும் மாஸ்க்கும் கிடையாது. தாடை தாழ்ந்து கழுத்தின் வளைவே வேறாக இருக்கும். மண்டை அச்சாகப் பொருந்தும், கீழ்க்கழுத்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். ஆகவே பெட், எம்ஆர்ஐ இரண்டுக்கும் திட்டமிடும் சிடிக்கு வைத்த அதே தட்டையான பலகை, அதே தலையணை, அதே தெர்மோபிளாஸ்டிக் மாஸ்க் போக வேண்டும். கார்பன் ஃபைபர் பலகையை எம்ஆர்ஐ அறைக்குக் கொண்டுபோகக் கூடாது; அது சூடேறும், படமும் கெடும். மாஸ்க்கோடு எம்ஆர்ஐ சமிக்ஞையைப் பிடிக்கும் வழக்கமான தலைச் சுருளுக்குள் (coil) தலை நுழையாது என்பதால் இரண்டு பக்கமும் வளையும் சுருள்களை வைத்துக் கட்டுங்கள்.

எம்ஆர்ஐயில் டி1, கொழுப்பை அடக்கிய டி2, கான்ட்ராஸ்டுக்குப் பின் கொழுப்பை அடக்கிய டி1 என்ற பட வகைகள் போதும். துண்டுகள் 3 மி.மீ.க்கு மிகாமல், இடைவெளியும் சாய்வும் இல்லாமல் வேண்டும். இயந்திரத்தின் வடிவத் திருத்தத்தை அணைத்துவிடாதீர்கள். திசுவில் நீர் அசைவதைக் காட்டும் டிஃப்யூஷன் படம் காற்றறைகளுக்கும் பல் உலோகத்துக்கும் அருகே இழுபடும். அதைப் பார்க்கலாம், அதன் மேல் கட்டியின் எல்லைக் கோடு போடக் கூடாது.

பெட்டுக்கு 4 முதல் 6 மணி நேரப் பட்டினி, இரத்தச் சர்க்கரை 200-க்குள். ஊசி போட்டு 60 நிமிடம் காத்திருக்கும்போது பேச்சும் மெல்லுதலும் கூடாது. மீறினால் குரல்நாணும் தாடைத் தசையும் ஒளிரும். செல்போனை முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கதிர்வீச்சுக்கு முன் பல் பிடுங்கினால் அந்தக் குழிகளும் ஒளிரும், எனவே பெட் முதலில், பல் பிறகு. உலோகப் பல் அருகே கூடுதலாக ஒளிர்ந்தால், சிடியை வைத்துத் திருத்தம் செய்யாத பெட் படத்தையும் பாருங்கள். அதிலும் ஒளிர்ந்தால்தான் நம்பலாம். கோப்பில் எடை, மருந்தின் அளவு, ஊசி நேரம் மூன்றையும் சரிபாருங்கள். எஃப்டிஜியில் உள்ள கதிரியக்கப் பொருளான எஃப்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம். நேரம் ஒரு மணி பிசகினால் எஸ்யூவி (ஒளிர்வை அளக்கும் எண்) ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மாறும்.

பொருத்தும்போது பெட்டை நேராக இழுக்காதீர்கள். அதோடு வந்த சிடியைத் திட்டமிடும் சிடியோடு பொருத்தி, அதே மாற்றத்தைப் பெட்டுக்குப் போடுங்கள். மென்பொருள் பொருத்திப் பார்க்கும் பகுதியைக் குறிக்கும் பெட்டியைத் தலை முழுவதும் விரிக்காமல், கட்டியைச் சுற்றி மண்டையோட்டின் அடியிலிருந்து நான்காம் கழுத்தெலும்பு வரை சுருக்குங்கள். கீழ்க்கழுத்துக் கணுக்களுக்கு இன்னொரு பொருத்தம் தனியாகச் செய்ய வேண்டும். தாடையை நம்ப வேண்டாம், வாய் திறப்பைப் பொறுத்து அது நகரும். கிளைவஸ் (மண்டையோட்டின் அடியில் உள்ள எலும்பு), இரண்டாம் கழுத்தெலும்பின் பல் போன்ற முனை, தண்டுவடக் குழாய் மூன்றையும் மூன்று தளங்களிலும் பாருங்கள். 2 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. 3-ஐத் தாண்டினால் மறுபடி. வளைத்துப் பொருத்தும் முறை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கட்டியையே சுருக்கிவிடக்கூடும். அதைப் பயன்படுத்தினால் ஜேகோபியன் (ஒவ்வோர் இடமும் எவ்வளவு விரிந்தது, சுருங்கியது என்று காட்டும் எண்) எங்கும் சுழியமோ எதிர்ம எண்ணோ ஆகவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கோடு போடுகையில் பெட்டின் விளிம்பு திரையின் பிரகாசத்தோடு விரியும், சுருங்கும். துறை முழுவதற்கும் ஒரே விண்டோவை (பிரகாச வரம்பை) நிர்ணயித்துவிடுங்கள். எஸ்யூவி உச்சத்தில் 41% என்ற வெட்டு, தொடங்குவதற்கான இடம் மட்டுமே. நடுவில் அழுகிய கணு பெட்டில் ஓட்டையாகத் தெரியும். முழுக் கணுவையும் வரையுங்கள். 5 மி.மீ. அளவுக் கணு பெட்டில் தெரியாமலே போகலாம். சளிப்படலத்தில் மெல்லியதாகப் படர்ந்த நோய் எந்த ஸ்கேனிலும் வராது, எண்டோஸ்கோப்பி குறிப்பு பக்கத்தில் இருக்கட்டும். ஸ்கேன்கள் முரண்பட்டால், பொருத்தம் சரியென்று தெரிந்த பிறகு, பெரிய எல்லையை எடுப்பதே பத்திரம்.

கட்டியைச் சுற்றி 5 மி.மீ. வரை முழு டோஸ், வழக்கமாக 35 தவணையில் 70 கிரே (கதிர்வீச்சு டோஸின் அலகு). அதற்கு வெளியே இன்னொரு 5 மி.மீ.க்குக் குறைந்த டோஸ். காற்றிலும், நோய் தொடாத எலும்பிலும் ஓரத்தை வெட்டிவிட வேண்டும்.

எடை குறைந்து மாஸ்க் தளர்ந்தால் புதிய சிடி எடுத்துத் திட்டத்தை மறுபடி போடுங்கள். சிகிச்சை முடிந்தபின் பெட்டுக்கு 12 வாரம் பொறுங்கள். முன்னால் எடுத்தால் புண்ணின் அழற்சியே நோய்போல ஒளிரும். 564 பேரை ஆராய்ந்து 2016-இல் வெளியான பிரிட்டனின் பெட்-நெக் ஆய்வு அந்த 12 வாரப் பெட்டை வைத்தே பெரும்பாலோருக்குக் கழுத்து அறுவையைத் தவிர்த்தது. முடிந்தால் முதல் பெட் எடுத்த அதே இயந்திரத்திலேயே எடுங்கள்.