பிரெஞ்சு டொக்டரிடம் வருத்தத்தைச் சொல்வது எப்படி? அடியிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

பிள்ளைகளைப் பார்க்கவோ குடும்பத்தோடு சேரவோ பிரான்சுக்குப் போகும் திருகோணமலைக்காரர் பலர் ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’ இரண்டோடுதான் விமானம் ஏறுகிறார்கள். கடையில் கைச்சாடை போதும். டொக்டரிடம் வயிற்றைத் தொட்டுக் காட்டினால் குத்தா, எரிவா, ஓட்டமா என்று அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துத்தான் காய்ச்சலும் வரும். 1782இல் சுஃப்ரென் என்ற பிரெஞ்சுத் தளபதி நம் துறைமுகத்தைப் பிடித்தார். மொழியை மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை.

முதலில் உச்சரிப்பு. கீழே உள்ள தமிழ் எழுத்துகள் ஒரு கைத்தடி மட்டுமே. கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழில் எழுதி, பிரெஞ்சுப் பக்கத்து ஒலிபெருக்கிக் குறியை அழுத்திக் கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பழகுங்கள். ‘ஜ’ வரும் இடத்தில் நாக்கை ‘ஷ’வுக்கு வைத்துக்கொண்டு தொண்டையை அதிரவிட்டால் சரியாக வரும்.

படி 1: ஒரு அச்சு, பல நோ

‘ஜே மல்’ என்றால் ‘எனக்கு நோகுது’. அதன் பின்னால் இடத்தைச் சேர்க்க வேண்டும். சொல் பெண்பால் என்றால் ‘ஆ லா’, ஆண்பால் என்றால் ‘ஓ’, உயிரொலியில் தொடங்கினால் ‘ஆ ல்’.

தலையிடி: ஜே மல் ஆ லா தெத்.
தொண்டை நோ: ஜே மல் ஆ லா கோர்ஜ்.
வயிற்று நோ: ஜே மல் ஓ வாந்த்ர்.
காது நோ: ஜே மல் ஆ லொரேய்.
முதுகு நோ: ஜே மல் ஓ தோ.
பல் வலி: ஜே மல் ஓ தா(ன்).

ஆண்பால், பெண்பால் பிழைத்தால் பெரிய நட்டமில்லை, டொக்டருக்கு விளங்கும். சிக்கல் கடைசி இரண்டிலும்தான். முதுகுக்கும் பல்லுக்கும் நம் காதில் வித்தியாசம் மிகக் குறைவு. பல்லுக்கு ஒலி மூக்கால் போக வேண்டும், ஆனால் ‘ன்’ என்று நாக்கு மேலண்ணத்தைத் தொடக்கூடாது. வராவிட்டால் கையால் இடத்தையும் காட்டிவிடுங்கள்.

படி 2: நெஞ்சு, மிகக் கவனம்

பிரெஞ்சில் இதயத்துக்கு ‘கேர்’. ஆனால் ‘ஜே மல் ஓ கேர்’ என்றால் ‘சத்தி வாற மாதிரி இருக்கு’ என்று பொருள். நெஞ்சு நோவோடு இருப்பவர் இதைச் சொன்னால், டொக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கத் தொடங்குவார். நெஞ்சு நோவுக்கு ‘ஜே மல் ஆ லா ப்வாத்ரீன்’ என்றுதான் சொல்ல வேண்டும். நெஞ்செரிவு வேறு: ‘ஜே தே ப்ரூலூர் தெஸ்தொமா’.

நெஞ்சு நோவோடு வியர்வையும் மூச்சுமுட்டும் இருந்தால் டொக்டரிடம் நேரம் எடுக்கக் காத்திராமல் 15ஐ அழையுங்கள். பிரான்சின் மருத்துவ அவசர இலக்கம் அது; 112ம் வேலை செய்யும்.

‘உடம்பு சூடாக இருக்கு’ என்பதையும் சொல்லுக்குச் சொல் மாற்ற வேண்டாம். ‘ஜ ஸ்வி ஷோ’ என்றால் வேறு அர்த்தம் எடுத்துச் சிரிப்பார்கள். காய்ச்சல் என்றால் ‘ஜே த லா ஃபியெவ்ர்’.

மற்றவை சுருக்கமாக: இருமல் ‘ஜ தூஸ்’, சத்தி எடுத்தேன் ‘ஜே வொமி’, வயிற்றோட்டம் ‘ஜே லா தியாரே’, தலைச்சுற்று ‘ஜே லா தெத் கி தூர்ன்’.

படி 3: எப்போதிருந்து

‘தெப்புவி’ என்று தொடங்கிக் காலத்தைச் சேர்க்கவும். ‘தெப்புவி இயெர்’ நேற்றிலிருந்து, ‘தெப்புவி த்ருவா ஜூர்’ மூன்று நாளாக, ‘தெப்புவி யூன் ஸமென்’ ஒரு கிழமையாக.

படி 4: இலக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள்

சொற்களைவிட இங்கேதான் குழப்பம் கூட. நம் வீடுகளில் காய்ச்சல் ‘நூற்றிரண்டு’ என்போம். அங்கே செல்சியஸ் மட்டும். 102 என்றால் 38.9, 103 என்றால் 39.4.

பிரஷரைப் பத்தால் வகுத்துச் சொல்வார்கள். 120/80 அங்கே ‘தூஸ் வீத்’, அதாவது 12/8. டொக்டர் ‘15/9’ என்றால் பயந்து கீழே விழாதீர்கள், அது 150/90. சீனி அளவை நூறால் வகுக்க வேண்டும்: இங்கே டெசிலீற்றருக்கு 180 மில்லிகிராம் என்று எழுதுவது அங்கே லீற்றருக்கு 1.80 கிராம்.

படி 5: அவர் கேட்பவை

உள்ளே போனதும் ‘பொன்ஜூர் தொக்தேர்’ சொல்லாமல் நோவைத் தொடங்க வேண்டாம், அங்கே அது மரியாதைக் குறைவு. பிறகு வரும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்: ‘ஊ அவே வூ மல்?’ (எங்கே நோகுது), ‘தெப்புவி கான்?’ (எப்போதிருந்து), ‘வூ ப்ரனே தே மெதிகமான்?’ (ஏதும் மருந்து எடுக்கிறீர்களா). விளங்காவிட்டால் ‘ப்ளு லான்தமான், ஸில் வூ ப்ளே’, மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்கலாம்.

நீரிழிவு உள்ளவர் ‘ஜ ஸ்வி தியாபெதீக்’ என்றும், பென்சிலின் ஒத்துவராதவர் ‘ஜ ஸ்வி அலெர்ஜீக் ஆ லா பெனிசிலின்’ என்றும் கேட்காமலே சொல்லிவிட வேண்டும்.

படி 6: கொண்டுபோக வேண்டியது

ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பியைப் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் இன்னும் நல்லது. கம்பனிப் பெயரைவிட மருந்தின் மூலப்பெயர்தான் உதவும்: மெட்போர்மின், லொசார்டன் எல்லாம் பிரெஞ்சிலும் கிட்டத்தட்ட அதே பெயர். பனடோல் கேட்டால் கடைக்காரர் விழிக்கலாம். ‘பரசெதமோல்’ என்று கேளுங்கள், அனேகமாக டொலிப்ரான் பெட்டியைத் தருவார்.

மருந்துக்கடையில் ‘மத்தான், மிதி, ஸ்வார்’ என்றால் காலை, மதியம், இரவு. ‘அவான் ல ரப்பா’ சாப்பாட்டுக்கு முன், ‘அப்ரே ல ரப்பா’ பின். நினைவில் நிற்காது என்று தோன்றினால் ‘வூ பூவே லெக்ரீர்?’ என்று கேட்டுப் பெட்டியை நீட்டுங்கள். எத்தனை குளிசை, எந்த நேரம் என்று அதன்மேலேயே எழுதித் தருவார்கள்.