இன்சுலின் ஒழுங்காகப் போட்டும் சர்க்கரை ஏறி இறங்கினால், வயிற்றைத் தடவிப் பாருங்கள்

மருந்தளவும் சாப்பாடும் மாறவில்லை; ஆனாலும் காலைச் சர்க்கரை ஒருநாள் 90, மறுநாள் 260. எனக்குக் காரணம் தொப்புளுக்கு இடப்பக்கம் இருந்தது: ரப்பர் போலத் தடித்த ஒரு மேடு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் போட்டால் தோலுக்கடியில் கொழுப்பு இப்படித் திரளும். அங்கே குத்தினால் வலி குறைவு, அதனால்தான் கை தானாக அங்கேயே போகிறது. ஆனால் மருந்து அங்கிருந்து சீராக ரத்தத்தில் சேராது.

கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் உண்டு. விரலில் சோப்பு நுரையோடு வயிறு, தொடை முழுக்க அழுத்தித் தடவினால் அகப்படும். அந்த இடங்களை மாதக்கணக்கில் விட்டுவிட வேண்டும். வயிற்றை நான்காகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பகுதி. குத்துக்குக் குத்து ஒரு விரல் அகல இடைவெளி. தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் தள்ளி. ஒவ்வொரு முறையும் புது ஊசி, பெரும்பாலோருக்கு 4 மி.மீ. நீளம் போதும். இன்சுலின் பேனாவில் போடுவதானால், முதலில் 2 யூனிட் மருந்தை வெளியே தள்ளிப் பார்த்துவிட்டு, போட்டபின் பத்து எண்ணி எடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நல்ல இடத்துக்கு மாறியதும் பழைய அளவே கூடுதலாக வேலை செய்யும், சர்க்கரை 70-க்குக் கீழே சரியலாம். மாறும் முன்பே மருத்துவரிடம் சொல்லி அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். முதல் சில வாரம் அடிக்கடி சோதித்துப் பாருங்கள். கையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.