கேட்டதற்கு முதலில் பதில், காரணம் பிறகு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் பெற்றோரை அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்பவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள்: ‘இனிப்புநீர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, அம்மா?’ என்று மருத்துவர் கேட்டால், பேரன் கல்யாணம், கால் வலி, வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் என எல்லாம் வரும். எத்தனை வேளை விட்டுப்போனது என்பது மட்டும் வராது. அதில் ஏமாற்றும் எண்ணம் இல்லை, திட்டு விழுமோ என்ற அச்சம்தான்.

எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை கடந்த 2, 3 மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டுமே தவிர, அது ஏன் ஏறியது என்று சொல்லாது. மாத்திரை விட்டுப்போனது தெரியாத மருத்துவர், மருந்து போதவில்லை என்று கருதி அளவைக் கூட்டிவிடக்கூடும். பிறகு அத்தனையையும் ஒழுங்காக விழுங்கினால், சில மருந்துகளால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கமே வரலாம்.

ஆகவே, கிளினிக்கிற்குப் போவதற்கு முதல் நாள் இரவே மீதமுள்ள மாத்திரைகளை அம்மாவுடன் உட்கார்ந்து எண்ணி, ‘வாரத்தில் 2 வேளை விட்டுப்போகிறது’ என்பதுபோல் ஒரே வரியில் எழுதிக் கொடுங்கள். கேள்வி வந்ததும் அவர் அந்த வரியை முதலில் சொல்லட்டும், கதையைப் பிறகு சொல்லலாம். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். மிச்ச மாத்திரைகளையும் பையில் எடுத்துச் செல்லுங்கள்.